ஐரிஸ் இலை மட்டும் வாள் வாளாக நிற்கிறது, பூவைக் காணோம்

கொல்லைப்புறம் | எடிசன், நியூ ஜெர்சி | மே 27

எல்லோருக்கும் வணக்கம். போன செப்டம்பரில்தான் இந்த வீட்டுக்குக் குடிவந்தோம். பின்பக்க வேலியை ஒட்டி 20 அடி நீளத்துக்கு ஐரிஸ் இருக்கிறது. வீட்டை விற்ற அம்மையார் சாவியைக் கொடுக்கும்போது, “மே மாதம் பாருங்கள், தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்ப்பார்கள்” என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் குளிர்காலம் முழுக்கக் காத்திருந்தேன். மே முடியப்போகிறது. 20 அடியில் இதுவரை மூன்றே மூன்று பூந்தண்டுதான் வந்திருக்கிறது. இரண்டு ஊதா, ஒன்று வெளிர்மஞ்சள்.

கவனிக்காமல் விட்டேன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. புல் வெட்ட வருகிறவர் சொன்னார் என்று ஏப்ரலில் 3 அங்குலத்துக்கு மரப்பட்டை மூடாக்குப் போட்டேன். புல்தரைக்குப் போடும் உரத்தில் இரண்டு கை அள்ளி இதற்கும் தூவினேன். தினமும் மாலையில் தண்ணீர். இலைகள் பச்சைப் பசேலென்று இடுப்புயரம் நிற்கின்றன, பூ மட்டும் இல்லை.

இன்னொரு சந்தேகம். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய்க்குப் பக்கத்தில், கோரைப்புல் மாதிரி ஒல்லி இலையோடு ஒரு கொத்து இருக்கிறது. அதை நான் சீண்டவே இல்லை. அதில் 30 நீலப் பூவாவது இருக்கும். அதுவும் ஐரிஸ்தானா?


மண்புழு | ஹார்ட்ஃபோர்ட், கனெக்டிகட் | மே 27

செய்தது எல்லாம் நல்ல மனதோடுதான், ஆனால் வரிசையாக எல்லாமே தப்பு. கோபப்படாதீர்கள், நானும் 2 வருடம் இதையே செய்தவன்.

முதலில் வகையைப் பார்ப்போம். வேலியோரப் பூவில் மூன்று இதழ் மேலே குவிந்து நிற்கும், மூன்று கீழே மடிந்து தொங்கும். தொங்கும் இதழின் நடுவில் கம்பளிப்பூச்சியை ஒட்டவைத்தது போல ஒரு முடிக்கற்றை இருக்கிறதா? இருந்தால் அது தாடி ஐரிஸ். குழாயடியில் இருப்பதில் தாடி இருக்காது. ஒல்லி இலை, நீலப் பூ, ஈரமான இடம் என்கிறீர்கள், பெரும்பாலும் சைபீரிய ஐரிஸ். இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதால் ஒரே வைத்தியம் பார்த்துவிடக் கூடாது. தாடிக்காரனுக்கு முதுகில் வெயில் காய வேண்டும், சைபீரியனுக்குக் காலில் ஈரம் வேண்டும். நீங்கள் தினமும் தண்ணீர் ஊற்றியது தப்பான ஆளுக்கு. குழாயடியில் இருந்தவனுக்கு வேண்டியதைக் கூரையே கொடுத்துவிட்டது.

இப்போது இதைப் பார்த்துச் சொல்லுங்கள். மூடாக்கை விலக்கினால் கிழங்கு கண்ணில் படுகிறதா? கிழங்குகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றனவா? அங்கே எத்தனை மணி நேரம் வெயில்?


கொல்லைப்புறம் | மே 28

மண்புழு சார், பார்த்துவிட்டேன். தாடி இருக்கிறது, மஞ்சள் பூவில் ஆரஞ்சு நிறத்தில். காலை 10 மணியிலிருந்து 4 மணி வரைக்கும் வெயில் உண்டு. மூடாக்கை விலக்கினால் கிழங்குகள் சந்தைக்கூடையில் கொட்டிய சேப்பங்கிழங்கு மாதிரி குவிந்து கிடக்கின்றன. சிலது கையில் பட்டதுமே கொழகொழவென்று போகிறது, வாடை வேறு தாங்க முடியவில்லை.

ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, “இஞ்சியை இப்படி முற்றவிட்டிருக்கீங்களே மாப்பிள்ளை” என்றார். ஒரு துண்டைக் கிள்ளி எடுத்துக் கழுவக்கூடப் போய்விட்டார்.


வளவுக்காரி | ஸ்காபரோ, கனடா | மே 28

ஐயோ தம்பி, அதை முதலில் நிற்பாட்டுங்கோ! ஐரிஸ் கிழங்கு நஞ்சு. தின்றால் வாய் எரியும், வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். நாய், பூனை வைத்திருக்கிறவர்களும் கவனம். சாறு பட்டுச் சிலருக்குத் தோலும் கடிக்கும், கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கோ. அந்தக் குணத்துக்கு ஒரு நன்மையும் இருக்கிறது. மானும் முயலும் இதைத் தொடாது. பக்கத்து வளவில் டியூலிப்பை ஒரே இரவில் மொட்டை அடித்துவிட்டுப் போன மான், என்னுடைய ஐரிஸை மோந்து பார்த்ததோடு சரி.

மணக்கிறது என்றால் அழுகல். பக்டீரியாவால் வருவது. பூ முடியட்டும், ஜூலை கடைசியில் முழுக்கக் கிண்டி எடுத்துப் பிரித்து நடுங்கோ. நான் மூன்று வருசத்துக்கு ஒருக்கால் பிரிப்பேன். அதோடு ஒவ்வொரு ஆவணியிலும் எல்லா இலையையும் விசிறி மாதிரி அரைவாசிக்கு வெட்டிவிடுவேன், வடிவாக இருக்கும்.


மண்புழு | மே 28

அக்கா சொன்ன தேதி சரி. பூ முடிந்து 6 வாரத்தில் கிழங்கு கொஞ்சம் ஓய்ந்திருக்கும், அப்போது எடுத்தால் குளிர் வருவதற்குள் புது வேர் பிடிக்க நேரம் கிடைக்கும்.

ஏன் பிரிக்க வேண்டும் என்பதற்கு வாழையை நினைத்துக்கொள்ளுங்கள். குலை தள்ளிய மரம் மறுபடி தள்ளாது, பக்கக்கன்றுதான் அடுத்தது. தாடி ஐரிஸும் அப்படித்தான். ஒரு கிழங்கு ஒரு முறைதான் பூக்கும். பூத்த கிழங்கின் இரண்டு பக்கத்திலும் பிள்ளைக்கிழங்குகள் வரும், அவைதான் அடுத்த வருடத்துப் பூ. பூத்து முடிந்த தாய்க்கிழங்கு செத்துப்போகாமல் அப்படியே இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். 4, 5 வருடம் விட்டால் நடுவில் கிழட்டுக் கிழங்கு மட்டும் மிஞ்சும், பிள்ளைகள் ஓரத்தில் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு நிற்கும். அந்த அம்மையார் கடைசி சில வருடங்களாகத் தோண்டியிருக்க மாட்டார், வயதாகியிருக்கும்.

புல்தரை உரத்தில் தழைச்சத்து அதிகம். இலைக்கு அது விருந்து, பூவுக்கு அல்ல. அதோடு தழைச்சத்து மிஞ்சினால் கிழங்கு பூசினாற்போல் மென்மையாகிவிடும், அழுகல் சுலபமாக உள்ளே போகும். அதன் மேல் மூடாக்கு, அதன் மேல் தினசரித் தண்ணீர். அழுகலுக்கு இதைவிடச் சௌகரியமான வீடு கிடைக்காது. மூடாக்கை இன்றைக்கே விலக்கிவிடுங்கள், ஜூலை வரை பொறுக்க வேண்டாம்.


ஈரமண் | கிராய்டன், லண்டன் | மே 29

ஒரு விஷயத்தில் வளவுக்காரி அக்காவோடு சண்டை போட வேண்டியிருக்கிறது. பச்சை இலையை எதற்கு வெட்டுகிறீர்கள்? கோடை முழுக்க அந்த இலைதான் கிழங்குக்குச் சமைத்துப் போடுகிறது. பூத்த தண்டை அடியோடு வெட்டலாம், காய்ந்த இலையை உருவலாம். பச்சையை விட்டுவிட வேண்டும். தோண்டி மாற்றி நடும்போது வெட்டுவது வேறு கதை. அப்போது வேர் பாதி அறுந்திருக்கும், அத்தனை இலைக்கும் தண்ணீர் இழுக்க முடியாது, செடியும் காற்றில் ஆடும். அதற்காகத்தான் 6 அங்குலம் விட்டு மீதியை வெட்டுகிறோம். அந்தப் படத்தைப் புத்தகங்களில் பார்த்துவிட்டு எல்லோரும் வருடா வருடம் வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.


வளவுக்காரி | மே 29

நான் 14 வருசமாக வெட்டுகிறேன், 14 வருசமும் பூத்திருக்கிறது. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?


ஈரமண் | மே 29

வெட்டாமல் விட்டிருந்தால் இன்னும் பூத்திருக்கும் என்று சொல்கிறேன். ஒரு பாதியை வெட்டி, ஒரு பாதியை விட்டுப் பாருங்கள் அக்கா.


வளவுக்காரி | மே 29

சரி, பார்ப்போம். வேலிப்பக்கம் வெட்டாமல் விடுகிறேன். தோற்றால் நீங்கள் எனக்கு அந்த பென்டன் கிழங்கு ஒன்று அனுப்ப வேண்டும்.


மண்புழு | மே 29

நாடு விட்டு நாடு கிழங்கு அனுப்புவதற்குச் சான்றிதழ் எல்லாம் வேண்டும். பந்தயத்தை வேறு பொருளில் கட்டுங்கள்.

பென்டன் என்றதும் புதியவர்கள் முழிப்பார்கள். சர் செட்ரிக் மோரிஸ் என்ற ஓவியர் இங்கிலாந்தில் சஃபோக் பகுதியில் பென்டன் எண்ட் என்ற வீட்டில் இருந்துகொண்டு தாடி ஐரிஸில் கலப்புச் செய்து பல ரகங்கள் எடுத்தார். ஓவியர் கண் அல்லவா, புகை நிறம், பழைய பட்டுப்புடவை மங்கிய நிறம், அந்த மாதிரி. ‘பென்டன் ஆலிவ்’ என்று ஒன்று, பெயரே சொல்லிவிடும். இப்போதைய பூக்கள் போல ஃப்ரில் வைத்த ஜாக்கெட் மாதிரி சுருக்கம் சுருக்கமாக இருக்காது.


ஈரமண் | மே 30

எங்கள் வீட்டில் இருப்பதையும் எழுதி வைக்கிறேன், லண்டன்காரர்கள் யாராவது தேடி வந்தால் உதவும்.

இங்கே களிமண். தாடி ஐரிஸுக்காக மண்ணோடு பருமணலும் சரளையும் கலந்து ஒரு அடி உயர மேட்டுப்பாத்தி போட்டேன், அதன் பிறகுதான் அழுகல் நின்றது. அமெரிக்காக்காரர்கள் பயப்படும் ஐரிஸ் துளைப்புழு எங்களிடம் கிடையாது. அதற்குப் பதில் நத்தை. மொட்டு வரும் வாரத்தில் டார்ச் எடுத்துக்கொண்டு ராத்திரி ஒரு சுற்று வந்தே ஆக வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது அல்ஜீரிய ஐரிஸ். எல்லோரும் கம்பளியில் சுருண்டு கிடக்கும் ஜனவரியில் பூக்கும். தெற்குப் பார்த்த சுவரின் காலடியில், கட்டிடக் குப்பை கலந்த சத்தில்லாத மண்ணில் வைத்தால் போதும். நல்ல மண்ணில் வைத்தால் இலை மட்டும்தான் வரும். மொட்டாகவே நுனியில் பிடித்து உருவி எடுத்து மேசையில் ஒரு டம்ளரில் வையுங்கள், நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சூட்டில் விரியும்.

அப்புறம் குளத்தோரத்தில் மஞ்சள் ஐரிஸ் இருக்கிறது. இங்கே ஆற்றோரமெல்லாம் தானாகவே வளரும் நாட்டுச் செடி. இதன் தாவரவியல் பெயர் ஐரிஸ் சூடகோரஸ். அகோரஸ் என்பது வேறு யாருமில்லை, நம் வசம்பு. குழந்தை பிறந்த வீட்டில் சுட்டு உரைத்து வைக்கிறோமே, அதே பிள்ளை வளர்ப்பான்தான். சூட் என்றால் பொய். இலை அச்சு அசலாக வசம்பு இலை போலவே இருப்பதால் ‘பொய் வசம்பு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். கசக்கி முகர்ந்தால் தெரிந்துவிடும், வசம்பு மணக்கும், இது சும்மா இருக்கும். பாட்டி இருந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன்.


மண்புழு | மே 30

பொய் வசம்பு லண்டனில் நாட்டுச் செடி, எங்களுக்கு அது வேலிக்காத்தான். சதுப்புநிலத்திலும் ஆற்றங்கரையிலும் பாய் விரித்தது போலப் பரவி மற்றதையெல்லாம் நெரித்துவிடுகிறது. கனெக்டிகட், மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்களில் விற்கவே தடை. வட அமெரிக்காவில் ஈரமான இடத்துக்கு ஐரிஸ் வேண்டும் என்றால் இந்த மண்ணுக்கே உரிய நீல ஐரிஸ், வெர்சிகலர், அதை வையுங்கள். கியூபெக் மாகாணம் 1999இல் தன் சின்னப் பூவாக எடுத்துக்கொண்டது அதைத்தான்.


கோவை_மாடி | கோயம்புத்தூர் | ஜூன் 2

அண்ணாக்களே, அக்காக்களே, எனக்கும் ஒரு வழி சொல்லுங்கள். ஆன்லைனில் ஒரு கடையில் ‘ரெயின்போ ஐரிஸ்’ என்று 50 விதை வாங்கினேன். படத்தில் ஒரே பூவில் சிவப்பு, நீலம், பச்சை எல்லாம் இருந்தது. மூன்று மாதமாக மாடியில் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றுகிறேன். முளைத்தது இரண்டு. ஒன்று கீரை மாதிரி இருக்கிறது.


மண்புழு | ஜூன் 2

அது கீரையாகவே இருக்கட்டும், பிடுங்கிக் கடையாதீர்கள்.

அந்தப் படமே பொய்க்கு அடையாளம். தாடி ஐரிஸில் தக்காளிச் சிவப்பு என்பது இன்றுவரை வரவில்லை. செங்கல் நிறம், மெரூன், செம்பு வரைக்கும்தான் வந்திருக்கிறது. இன்னொன்று, விதையிலிருந்து வரும் செடி தாயின் நிறத்தில் பூக்கும் என்று சொல்லவே முடியாது, பூக்க 2, 3 வருடமும் ஆகும். அதனால்தான் ரகம் வேண்டுமென்றால் யாரும் விதை வாங்க மாட்டார்கள், கிழங்குதான் வாங்குவார்கள்.

கோவையில் தாடி ஐரிஸ் வேண்டாம். அதற்குக் குளிர்காலம் என்று ஒன்று வந்து அடித்துவிட்டுப் போக வேண்டும். காஷ்மீரில் இடுகாடுகளில் கல்லறை மேலேயே வெள்ளையும் ஊதாவுமாக ஐரிஸ் பூத்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன், ஒருவரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. அந்தக் குளிரை நீங்கள் மாடிக்குக் கொண்டுவர முடியாது.

ஆனால் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். டயட்டீஸ் என்கிற ஆப்பிரிக்க ஐரிஸைத் தேடுங்கள். ஒரு வகை வெள்ளையில் மஞ்சளும் ஊதாவும் கலந்தது. இன்னொரு வகை வெளிர்மஞ்சளில் மூன்று கரும்பொட்டு வைத்தது. வெயில் தாங்கும். வெள்ளை வகையில் பூத்த தண்டை வெட்டிவிடாதீர்கள், அதே தண்டில் மறுபடி மறுபடி பூ வரும்.

நிழல்தான் இருக்கிறது என்றால் ‘நடக்கும் ஐரிஸ்’. பூத்த தண்டின் நுனியில் ஒரு குட்டிச் செடி முளைக்கும், கனம் தாங்காமல் தண்டு சாயும், குட்டி மண்ணைத் தொட்டதும் வேர் விடும். இப்படியே அடியெடுத்து வைத்து நடக்கும். பூ ஒரு நாள்தான், காலையில் விரிந்தால் சாயங்காலம் சுருண்டுவிடும். 12 இலை வந்தால்தான் பூக்கும் என்று ஒரு பேச்சு உண்டு, எண்ணிப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

மூன்றாவது, ஆரஞ்சில் சிவப்புப் புள்ளி வைத்த பிளாக்பெர்ரி லில்லி. பெயரில்தான் லில்லி. 2005இல் தாவரவியலார் அதை ஐரிஸ் பேரினத்திலேயே சேர்த்துவிட்டார்கள், இப்போது ஐரிஸ் டொமெஸ்டிகா. காய் வெடித்தால் உள்ளே கருகமணி கோத்தது போல விதைகள். இதை மட்டும் விதை போட்டே வளர்க்கலாம். முறைப்படி பார்த்தால் கோவை மாடியிலும் உங்களுக்கு அசல் ஐரிஸ் உண்டு.


கோவை_மாடி | ஜூன் 3

அந்தக் கருகமணி விதை எங்கள் சித்தி வீட்டில் இருக்கிறது! கத்தி மாதிரி இலை நின்றதால் ஏதோ குரோட்டன்ஸ் என்று நினைத்திருந்தேன். வாங்கி வருகிறேன். கொடைக்கானலில் பெரியப்பா இருக்கிறார், அங்கே தாடி ஐரிஸ் கிழங்கு இரண்டு வைத்துப் பார்க்கலாமா?


மண்புழு | ஜூன் 3

இரண்டோடு நிறுத்திக்கொண்டால் வைத்துப் பார்க்கலாம். குளிர் கிடைக்கும், ஆனால் உறைபனி குறைவு, மழை அதிகம். மேட்டில், சரிவில், வெயில் முழுதாக விழும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.


கொல்லைப்புறம் | ஜூன் 5

நீங்கள் பேசுவதையெல்லாம் படித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மான்ட்கிளேர் ஊரில் இருக்கும் பிரெஸ்பி ஐரிஸ் தோட்டத்துக்குப் போய்வந்தோம். 1927இல் ஆரம்பித்ததாம். மலைச்சரிவில் பாத்தி பாத்தியாக ஆயிரத்துக்கும் மேல் ரகங்கள், ஒவ்வொன்றுக்கும் பெயரும் வருடமும் எழுதிய அட்டை. பூ முடியும் தறுவாயில்தான் போனோம், அதுவே கண்ணைப் பறித்தது. நான் பூவைவிட மண்ணைத்தான் குனிந்து குனிந்து பார்த்தேன். எல்லாக் கிழங்கும் முதுகு தெரியத்தான் கிடந்தது. மரப்பட்டை ஒரு துண்டுகூட இல்லை.


கொல்லைப்புறம் | ஜூலை 22

தோண்டிவிட்டேன். விவரமாகவே எழுதுகிறேன்.

காலை 6 மணிக்கு ஆரம்பித்தேன். கவைக்கம்பியை அரையடி தள்ளிக் குத்தி நெம்பினால் ஒரு கொத்து முழுசாகப் பெயர்ந்து வந்தது, ஆட்டுக்கல் கனம் இருக்கும். ஹோஸில் தண்ணீர் பீச்சி மண்ணைக் கழுவியதும்தான் உள்ளே என்ன என்று தெரிந்தது. நடுவில் கறுத்துச் சுருங்கிய கிழங்குகள், மேலே வட்ட வட்டமாக வரி, வேரே இல்லை. ஓரங்களில் வெளிர்நிறத்தில் பிள்ளைகள், வெள்ளை வேரோடு.

ஏழாவது கொத்தில் ஒரு கிழங்கு கையில் எடுக்கும்போதே எடை குறைவாக இருந்தது. பக்கவாட்டில் பென்சில் நுழையும் அளவு ஓட்டை, ஓரத்தில் மரத்தூள் மாதிரி ஏதோ. கத்தியால் பிளந்தேன். உள்ளே என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு புழு, உடம்பு இளஞ்சிவப்பு, தலை பழுப்பு. கிழங்கை உள்ளே குடைந்து கூடாக்கிவிட்டு, தான் மட்டும் கொழுத்துப் போய்ச் சுருண்டிருந்தது. அதைச் சுற்றிச் சாக்கடை நாற்றத்தோடு மஞ்சள் கூழ். மகள் ஓடிப்போய்விட்டாள். மாமியார்தான் ஒரு டப்பாவில் சோப்புத் தண்ணீர் கொண்டு வந்து, “இதில் போடுங்க, இன்னும் இருக்கும்” என்றார். இருந்தது. மொத்தம் 11 புழு.

இப்போது கார் நிறுத்துமிடத்தில் செய்தித்தாள் விரித்து 140 கிழங்கு கிடக்கிறது. அடுத்து என்ன?


மண்புழு | ஜூலை 22

11 எடுத்தீர்கள் என்றால் அடுத்த வருடத்து 11 குடும்பத்தை ஒழித்துவிட்டீர்கள். அதுதான் ஐரிஸ் துளைப்புழு. செப்டம்பர், அக்டோபரில் அந்துப்பூச்சி வந்து காய்ந்த இலையில் முட்டை வைக்கும். முட்டை பனியில் அப்படியே கிடந்து வசந்தத்தில் பொரியும். குஞ்சுப் புழு இளம் இலையின் ஓரத்தைக் கடித்து உள்ளே புகுந்து, தாளுக்கு நடுவே கீழே கீழே இறங்கி, ஜூலையில் கிழங்குக்கு வந்து சேரும். அது போட்ட பாதையில்தான் அழுகல் நுழைகிறது. மே மாதத்தில் இலையில் தண்ணீர் ஓடினது போலக் கோடு தெரிந்தால் அந்த இடத்தை விரலால் அழுத்தி நசுக்குங்கள், உள்ளேயே செத்துவிடும். நவம்பரில் காய்ந்த இலை ஒன்று விடாமல் பொறுக்கிக் குப்பையில் போடுங்கள், எருக்குழியில் வேண்டாம்.

இப்போது கிழங்குகள். வரி விழுந்த கிழடுகளை எறியுங்கள். லேசாக அழுகியதைப் பழைய ஸ்பூனால் சுரண்டுங்கள், கெட்டியான வெள்ளைச் சதை வரும் வரை. பிறகு ஒரு பங்கு பிளீச், ஒன்பது பங்கு தண்ணீரில் முக்கி எடுத்து, ஒரு நாள், இரண்டு நாள் காய விடுங்கள். வெட்டுவாய் தோல் போல உலர வேண்டும். கத்தியையும் அதிலேயே துடையுங்கள். விசிறியை 6 அங்குலத்துக்கு வெட்டலாம், இதில் ஈரமண்ணும் வளவுக்காரி அக்காவும் ஒத்துப்போவார்கள்.

நடும்போது குழியின் நடுவில் வரப்பு மாதிரி ஒரு மேடு வையுங்கள். கிழங்கை அந்த மேட்டில் உட்காரவைத்து, வேரை இரண்டு பக்கமும் கால் தொங்கப்போட்டது போல விடுங்கள். மண் தள்ளி அழுத்தியபின் எருமை குளத்தில் கிடப்பது போல முதுகு மட்டும் வெளியே தெரிய வேண்டும். ஒன்றுக்கொன்று ஒன்றரை அடி. இலை இருக்கும் பக்கம்தான் அது வளர்ந்து நடக்கும், அதனால் இரண்டு விசிறி எதிரெதிரே முட்டிக்கொள்ளாதபடி வையுங்கள். நட்டதும் ஒரு முறை நல்ல தண்ணீர், வேர் பிடிக்கும் வரை மண் காய்ந்தால் மட்டும். உரம் என்றால் அடுத்த வசந்தத்தில் கொஞ்சம் எலும்புத்தூள், அதுவும் கிழங்கின் மேல் படாமல்.


வளவுக்காரி | ஜூலை 23

எங்கட பக்கத்துக் குளிருக்கு ஒரு திருத்தம். பிந்தி நட்டால், வேர் பிடிக்கிறதுக்குள் நிலம் உறைந்து உறைந்து இளகி, கிழங்கைத் தூக்கி வெளியே எறிந்துவிடும். முதல் குளிர்காலத்துக்கு மட்டும் ஒரு விரல்கடை மணல் தூவி, ஏப்ரலில் தட்டிவிடுவேன். நட்டது ஓகஸ்ட் நடுப்பகுதிக்குள் என்றால் அதுவும் தேவையில்லை.


பூசணி | சிகாகோ | ஜூலை 25

குறுக்கே வருகிறேன். என் வீட்டில் ஐந்து வருடத்துக்கு முன் மஞ்சள், பிங்க், வெள்ளை என்று பார்த்துப் பார்த்து வாங்கி வைத்தேன். இப்போது எல்லாமே ஊதாவாக மாறிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர், “ஐரிஸ் நாளானால் மூலநிறத்துக்குத் திரும்பிவிடும்” என்கிறார். உண்மையா?


ஈரமண் | ஜூலை 25

கிழங்கு நிறம் மாறாது. பிள்ளைக்கிழங்கு தாயின் அச்சு. உங்கள் தோட்டத்தில் எங்கோ பழைய ஊதா ஒன்று இருந்திருக்கிறது. அது முரடு, எதையும் தாங்கும். பிங்க்கும் வெள்ளையும் நாசூக்கு, நெரிசலில் முதலில் செத்துப்போகும். இருந்த இடத்தை ஊதா பிடித்துக்கொண்டது. இல்லையென்றால் காயை வெட்டாமல் விட்டு, விதை விழுந்து முளைத்திருக்கும். பூ வாடியதும் காயைக் கிள்ளிவிடுங்கள். பூக்கும்போதே இலையில் பெயிண்ட் பேனாவால் நிறத்தை எழுதிவைப்பது என் வழக்கம், இலை காய்ந்தால் போச்சு என்பது வேறு விஷயம்.


பூசணி | ஜூலை 25

அது சரி, பிங்க் செத்ததற்கு நான்தான் காரணம் என்று இவ்வளவு மரியாதையாக யாரும் சொன்னதில்லை.


கொல்லைப்புறம் | நவம்பர் 9

இரண்டு சாக்கு காய்ந்த இலை பொறுக்கியாயிற்று. ஆகஸ்ட் 1, 2 தேதிகளில் 62 கிழங்கு நட்டேன். குழாயடி சைபீரியனையும் பிரிக்கலாமா என்று கை அரித்தது.


மண்புழு | நவம்பர் 9

நன்றாகப் பூப்பதைத் தொடாதீர்கள். கொத்தின் நடு வெற்றிடமாகி, வடை மாதிரி ஓட்டை விழுந்தால் பிரிக்கலாம். அப்போதும் தாடிக்குச் செய்தது போல வெயிலில் காயப்போட்டுவிடாதீர்கள். வேர் உலர்ந்தால் சைபீரியன் கோபித்துக்கொள்வான். ஈரத்துணியில் சுற்றி வைத்து, ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் மண்ணுக்குள்ளேயே நட வேண்டும், அடுத்த வருடம் பூக்காமலும் போகலாம்.

அந்த ஈர இடத்தில் இன்னொன்று வைக்க ஆசையிருந்தால் ஜப்பானிய ஐரிஸ், என்சாட்டா. ஜூன் கடைசியில், மற்றதெல்லாம் முடிந்தபின் பூக்கும். தட்டு அகலப் பூ. புளிப்பு மண் வேண்டும், சுண்ணாம்பு ஆகவே ஆகாது. புதுச் சிமெண்ட் சுவரோரம் வைத்து ஒன்றைக் கொன்றிருக்கிறேன்.


கொல்லைப்புறம் | அடுத்த வருடம், மே 24

முடிவைச் சொல்கிறேன். 62இல் 55 பிழைத்தன. 17 தண்டு வந்தது. நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவு, மண்புழு சார் முதல் வருடம் இவ்வளவுகூட வராது என்று தனிமடலில் பயமுறுத்தியதைவிட அதிகம். ஊதா 9, வெளிர்மஞ்சள் 5. இன்னும் மூன்று தண்டு நான் பார்த்தே இராத ஒன்று. மேலிதழ் காபி கலந்த பால் நிறம், கீழிதழ் கறுப்புக்கு ஒரு படி குறைந்த கத்திரிநிறம், தாடி கடுகுநிறம். நெரிசலின் நடுவில் எத்தனை வருடமாகப் பூக்காமல் கிடந்ததோ. விற்ற அம்மையாருக்குப் படம் அனுப்பினேன், 1980களில் அவருடைய அக்கா கொடுத்தது, செத்துவிட்டது என்று நினைத்திருந்தாராம். பெயர் அவருக்கும் தெரியவில்லை.

ஆகஸ்டில் அவருக்கு இரண்டு கிழங்கு கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன்.

புழு இதுவரை 4 நசுக்கியாயிற்று. மாமியார் வீடியோ காலில், “அந்த இஞ்சி எப்படி இருக்கு?” என்று கேட்டார்.


வளவுக்காரி | மே 25

காபி நிறத்தின் படத்தை இங்கேயும் போடுங்கோ தம்பி. எங்களுக்கு இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது.

ஈரமண், வெட்டாமல் விட்ட வேலிப்பக்கத்தில் மொட்டு எண்ணினேன். வெட்டின பக்கத்தில் 12, வெட்டாத பக்கத்தில் 19. வேலிப்பக்கம் வெயில் கொஞ்சம் கூட, அதையும் எழுதிவைக்கிறேன்.


ஈரமண் | மே 25

வெயிலின் மேல் பழி போடுவீர்கள் என்று தெரியும். இந்த ஆவணியில் பக்கத்தை மாற்றி வெட்டுங்கள்.